செருப்புக்கடி இல்லாமல் ஊர் சுற்ற: வாசகர் கேள்வி–பதில்

பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறையில் வெளிநாடு போகிறவர்கள் இந்த முறை அனுப்பிய கடிதங்களில் விசாவைவிடக் கால்தான் அதிகம் பேசப்பட்டிருக்கிறது. எந்த ஷூ, எந்தச் செருப்பு, எத்தனை ஜோடி, அழகாகவும் இருக்குமா என்ற கேள்விகளுக்கு இங்கே பதில்.

மகளோடு சிங்கப்பூர், மலேசியா 9 நாள் போகிறேன். வயது 54. இதுவரை பெருவிரல் வார் செருப்பைத் தவிர வேறெதுவும் அதிகம் போட்டதில்லை. போன முறை பாங்காக்குக்கு 38 நம்பர் ஷூ வாங்கிப் போட்டுப் போய், இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. என் சைஸ் என்னவென்றே தெரியவில்லை. பேசாமல் செருப்பிலேயே போய்வந்துவிடலாமா?
— எம்.எஸ்., மோல்மேன்

அம்மா, நகம் கறுத்ததற்கு நம்பர் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் உங்கள் பாதத்தின் வடிவம். சின்ன வயதிலிருந்து வார் செருப்பிலேயே நடந்தவர்களுக்கு விரல்கள் விசிறிபோல விரிந்திருக்கும், பாதத்தின் முன்பக்கம் அகலமாக இருக்கும். கடையில் தொங்கும் பெண்கள் ஷூ பெரும்பாலும் முன்னால் ஒடுங்கியது. அகலம் பிடிக்கிறதே என்று ஒரு நம்பர் கூட்டி வாங்குவோம். அப்போது நீளம் மிஞ்சிப்போய்க் குதிகால் உள்ளே நிற்காது, இறக்கத்திலும் படிக்கட்டிலும் பாதம் முன்னால் வழுக்கி நகம் போய் இடிக்கும். நம்பரைக் குறைத்தால் சும்மா நிற்கும்போதே இடிக்கும். நாள் முழுக்க ஆயிரக்கணக்கான தடவை இடிபடும்போது நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துப்போகிறது.

அளவைச் சாயங்காலம் எடுங்கள். காலையில் இருப்பதைவிட அப்போது கால் சற்றுப் பெருத்திருக்கும். ஒரு வெள்ளைத்தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் போட்டு, குதிகால் சுவரைத் தொடும்படி இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நில்லுங்கள். மகளை விட்டுப் பென்சிலை நேராகப் பிடித்து மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடச் சொல்லுங்கள். குனிந்து நீங்களே போட்டால் பாதம் நகர்ந்துவிடும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும், அப்படியானால் அதுதான் கணக்கு. இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரங்கூன் சூரத்தி பஜாரிலும் மற்றக் கடைகளிலும் 36, 37, 38 என்று போட்டிருப்பது ஐரோப்பிய நம்பர். சென்டிமீட்டரில் பாத நீளத்தோடு 1.5 கூட்டி, வருவதை 1.5ஆல் பெருக்கினால் உங்கள் நம்பர் வந்துவிடும். 24 செ.மீ. பாதத்துக்கு 25.5 பெருக்கல் 1.5, அதாவது 38.25. இப்படிப் பின்னமாக வந்தால் கீழே இறங்காதீர்கள், மேலே உள்ள 39ஐ எடுங்கள். அளந்து பார்த்தால் போன முறை வாங்கிய 38 உங்களுக்குச் சின்னது என்று தெரியவரலாம்.

ஆனால் நம்பர் ஒரு வழிகாட்டிதான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடையில் செய்யவேண்டிய சோதனை வேறு. ஷூவுக்குள் இருக்கும் மெத்தையை வெளியே உருவித் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல், இடம் மிச்சம் இருக்கவேண்டும். பக்கவாட்டில் சுண்டுவிரலோ பெருவிரல் மூட்டோ மெத்தைக்கு வெளியே பிதுங்கினால் அந்த ஷூவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ‘போடப் போட லூஸாகிவிடும்’ என்று கடைக்காரர் சொல்வார். தோல் கொஞ்சம் இளகும், பின்னல் துணி இளகும், ரெக்சின் இளகவே இளகாது.

அடுத்து, ஷூவின் மூக்கையும் குதிகாலையும் இரண்டு கையால் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது. நட்டநடுவில் மடங்கினால் பாதத்தின் வளைவுக்குத் தாங்கல் கிடையாது, மதியத்துக்குள் உள்ளங்கால் வலிக்கும். ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள், லேசாக முறுகலாம், துணியாகவே பிழியப்படக்கூடாது. குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியை இரண்டு பக்கமும் அழுத்தினால் அது நசுங்காமல் எதிர்த்து நிற்கவேண்டும்.

செருப்பிலேயே போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டலுக்குள்ளும் கோயில் வாசலுக்கும் அது போதும். நாள் முழுக்க நடக்க வேண்டாம். வார் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வோர் அடிக்கும் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கிறோம். வீட்டிலிருந்து கடைக்குப் போய்வர அது தெரியாது. சிங்கப்பூரில் ரயில் மாறுவதற்கே நீளமாக நடக்கவேண்டும், ஒரு நாளில் 15,000 காலடி சாதாரணமாக வந்துவிடும், அது ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் விரலை மடக்கியே நடந்தால் கெண்டைக்காலும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கமும் பிடித்துக்கொள்ளும்.

உங்களுக்கு நாங்கள் சொல்வது ஷூகூட இல்லை, பின்வார் வைத்த சாண்டல். முன்னால் ஒன்று, புறங்காலில் ஒன்று, குதிகாலுக்குப் பின்னால் ஒன்று என்று மூன்று வாரும் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோவாக இருக்கட்டும். கால் வீங்கினால் தளர்த்தலாம், இறங்கும்போது இறுக்கலாம். விரலுக்குக் காற்று, நகத்துக்கு இடி இல்லை. பத்துமலையில் 272 படி ஏறி இறங்கும்போது பின்வாரின் அருமை தெரியும். மேலே சந்நிதியில் கழற்றி மாட்டவும் சுலபம். இரண்டாவது ஜோடியாக, மழைக்கும் விமானத்துக்கும், லேஸ் வைத்த பின்னல் துணி ஷூ ஒன்று. லேஸ் துளைகளில் கடைசியாக, கணுக்காலுக்குப் பக்கத்தில், யாரும் பயன்படுத்தாத ஒரு துளை இருக்கும். லேஸை எதிர்ப்பக்கத் துளைக்குக் கொண்டுபோகாமல் அதே பக்கம் உள்ள அந்தத் துளையில் நுழைத்துச் சின்ன வளையமாக விடுங்கள், மறுபக்கமும் அப்படியே. இப்போது ஒரு பக்க நுனியை எதிர்ப்பக்க வளையத்துக்குள் விட்டு இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். போன முறை இது ஒன்றைச் செய்திருந்தால் உங்கள் நகம் தப்பியிருக்கக்கூடும்.

எதை வாங்கினாலும் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே வாங்குங்கள். முதல் வாரம் வீட்டுக்குள் தினம் ஒரு மணி நேரம். இரண்டாம் வாரம் கடைத்தெருவுக்கு. மூன்றாம் வாரத்தில் இரண்டு நாளாவது 5 கிலோமீட்டர் ஒரே மூச்சில். எங்கே உரசுகிறது என்பது மோல்மேனிலேயே தெரிந்துவிட்டால் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விலை உயர்ந்த ஷூ, பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. நாலைந்து தடவைதான் போட்டிருப்பேன். பாங்காக் பயணத்துக்கு அதையே எடுத்துப்போகலாம் அல்லவா?
— ஆர்.கே., ரங்கூன்

தம்பி, எடுத்துப்போவதற்கு முன்னால் அதன் அடியைப் பாருங்கள். ஷூவின் மேல்பாகத்துக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் நடுவில் மெத்தென்று ஓர் அடுக்கு இருக்கும். பல ஷூக்களில் அது பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக். காற்றிலுள்ள ஈரம் அதற்குள் மெல்ல மெல்லப் புகுந்து அதன் இழைகளை அறுத்துவிடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை மழை பெய்கிற நம் ஊர் அலமாரி இதற்கு மிக மோசமான இடம். போடாமல் பத்திரமாக வைத்திருப்பது காப்பாற்றாது, தேய்மானத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெளியே பார்த்தால் புதுசு, பாதி நாள் நடந்ததும் அடி தூள்தூளாக உதிரும் அல்லது முழுசாகக் கழன்று ரோட்டில் கிடக்கும்.

சோதிப்பது எளிது. நடு அடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். அமுங்கித் திரும்ப எழும்பினால் சரி. நகம் பதிந்த தடம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, பிஸ்கட்போல் உதிர்ந்தாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. பிறகு ஷூவை நன்றாக மடக்கி, மடிப்பில் கீறல் விடுகிறதா, ஓரத்தில் பசை விலகி வாய் திறக்கிறதா என்று பாருங்கள். பசை மட்டும் விட்டிருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டிச் சுற்றிலும் தைத்துக்கொள்ளலாம். அடுக்கே உதிர்ந்தால் ஒட்ட எதுவும் இல்லை. இரண்டு சோதனையிலும் தேறினாலும் கிளம்புவதற்கு முன் ஒரு முழுநாள் ரங்கூனிலேயே போட்டு நடந்துபாருங்கள். பாங்காக்கில் அருணர் கோயில் படிகள் செங்குத்து, அங்கே அடி கழன்றால் ஆபத்து.

அண்ணன் அடுத்த முறை வாங்கும்போது நடு அடுக்கு ஈவிஏ (EVA) என்ற வேறுவகை நுரையாக இருப்பதைக் கேட்கச் சொல்லுங்கள். அது இப்படி ஈரத்தில் உதிராது. ஆனால் நடக்க நடக்க அமுங்கித் தட்டையாகும், அடி ஓரத்தில் குறுக்குச் சுருக்கங்கள் ஆழமாக விழுந்தால் மாற்றவேண்டிய நேரம்.

தோழியின் கல்யாணத்துக்கு மதுரை போகிறேன். கல்யாணம் ஒரு நாள், ஊர் சுற்றுவது ஆறு நாள். பட்டுச்சேலைக்கு ஹீல்ஸ், சுடிதாருக்கு ஒன்று, நடக்க ஒன்று, நம் ஊர் வெல்வெட் செருப்பு ஒன்று என்று நாலு ஜோடி ஆகிவிட்டது. பெட்டியில் இடம் இல்லை. ஸ்போர்ட்ஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்க மனம் இல்லை. என்ன செய்யலாம்?
— வி.டி., மாண்டலே

இரண்டு ஜோடியில் முடியும். எதை விடுவது என்பதைவிட எந்த நிறம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாலு உடைக்கும் ஒத்துப்போகிற ஒரே நிறம் வேண்டும். பட்டுச்சேலையின் சரிகைக்கும், சுடிதாருக்கும், ஜீன்ஸுக்கும், நம் ஊர்க் கைலியான லோன்ஜிக்கும் பொதுவாகப் பொருந்துவது பழுப்புத் தோல் நிறம், அல்லது பளபளக்காத மங்கிய தங்க நிறம். கறுப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பார்கள், ஆனால் வெளிர் நிறப் பட்டுக்குக் கீழே அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

முதல் ஜோடி, பழுப்பிலோ மங்கிய தங்கத்திலோ, கட்டை ஹீல் அல்லது முழு அடியும் சேர்ந்து உயர்கிற வெட்ஜ். உயரம் 3 செ.மீ., மிஞ்சிப்போனால் 4. ஹீல் உயர உயர உடம்பின் பாரம் குதிகாலிலிருந்து முன்பாதத்துக்கு நகர்ந்துவிடும், 7, 8 செ.மீ. ஊசி ஹீலில் முன்பாத எலும்புகள்தான் உங்களைச் சுமக்கும். கணுக்காலைச் சுற்றி ஒரு வார் கட்டாயம். அந்த வார் இருந்தால் விரல்கள் செருப்பைப் பிடித்திருக்கத் தேவையில்லை, நடையும் நிமிர்ந்திருக்கும். போட்டோவில் அழகாகத் தெரிவது ஹீலின் உயரமல்ல, நடையில் தயக்கம் இல்லாதது. சேலை கட்டும்போது இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டே கொசுவத்தின் உயரத்தைப் பாருங்கள். வெறுங்காலில் கட்டிவிட்டுப் பிறகு செருப்பு போட்டால் கரை மேலே ஏறிக் கணுக்கால் தெரியும்.

இரண்டாவது, நடப்பதற்கு. ஸ்போர்ட்ஸ் ஷூ பிடிக்காவிட்டால், வெள்ளை அல்லது பழுப்பு நிறத்தில் சாதாரண தோல் ஸ்னீக்கர். எழுத்தும் பட்டையும் இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால் சுடிதாருக்கும் நன்றாகவே இருக்கும். கணுக்காலுக்குக் கீழேயே நிற்கிற குட்டை சாக்ஸ் போடுங்கள்.

வெல்வெட் செருப்பு, நம் மாண்டலேக்காரர்கள் கதீபா என்று பெருமையாகச் சொல்வது, அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் அதன் அடி வழவழப்பானது, பின்வார் கிடையாது, மழை பட்டால் வெல்வெட் கறை பிடித்துவிடும். கல்யாண மண்டபத்துக்குள் மட்டும் போடுவதாக இருந்தால் தட்டையாகப் பெட்டி ஓரத்தில் செருகிக்கொள்ளுங்கள். மணப்பெண்ணுக்குப் பரிசாக ஒரு ஜோடி கொண்டுபோவது இன்னும் நல்லது.

மதுரையில் கோலாப்பூர் செருப்பைப் பார்த்து ஆசைப்பட்டால் வாங்குங்கள். ஆனால் வாங்கிய அன்றே ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள். புதுத்தோல் விறைப்பாக இருக்கும், பெருவிரல் வளையம் ஒரே மணி நேரத்தில் கடித்துவிடும். வாரின் உள்பக்கத்தில் தேங்காயெண்ணெய் தடவி ஓர் இரவு வைத்து, மூன்று நாள் வீட்டுக்குள் போட்டுப் பழக்கிய பிறகுதான் வெளியே. தோல் அடியாதலால் ஈரத்தரையில் வழுக்கும்.

அப்பாவுக்கு 71 வயது, 18 வருடமாகச் சர்க்கரை. ராமேஸ்வரம், மதுரை, திருவண்ணாமலை கும்பிடவேண்டும் என்பது அவர் ஆசை. கோயிலில் வெறுங்கால்தானே. அவர் காலுக்கு எதை வாங்குவது, எப்படிப் பார்த்துக்கொள்வது?
— என்.பி., பியூ

ஐயா, இந்தக் கேள்வியில் செருப்பைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அப்பாவின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று முதலில் தெரியவேண்டும். நீண்ட நாள் சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போகும். சுடுகல்லில் நின்றாலும் சுடுவது தெரியாது, செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது, சாயங்காலம் புண்ணைப் பார்த்துத்தான் தெரியும்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலுமாக ஆறு இடத்தில், ஒவ்வொன்றாக, ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தேய்க்கக்கூடாது, ஒரு இடத்தை இரண்டாம் முறை தொடக்கூடாது. தொடும்போது ‘வலது’, ‘இடது’ என்று அவர் சொல்லவேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். சோதனை எப்படி இருந்தாலும் கிளம்புமுன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். ஏற்கெனவே புண், கால் ஆணி, விரலிடுக்கில் வெடிப்பு இருந்தால் அது ஆறும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

செருப்பு விஷயத்தில், பெருவிரல் வார் வேண்டவே வேண்டாம். அது உரசுகிற விரலிடுக்கு அவருக்கு மிக ஆபத்தான இடம். முன்பக்கம் அகலமாகவும் ஆழமாகவும் இருக்கிற, விரல்களை மூடுகிற, வெல்க்ரோவில் திறக்கிற ஷூ வாங்குங்கள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், தையல் முண்டு கைக்குத் தட்டுப்படக்கூடாது. சாக்ஸ் வெளிர் நிறமாக இருக்கட்டும், ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். மேல் விளிம்பு இறுக்கிப் பிடிக்கக்கூடாது. ஒவ்வொரு முறை போடுவதற்கு முன்பும் ஷூவைத் தலைகீழாகத் தட்டி, கையை விட்டுத் தடவிய பிறகே காலை நுழைக்கவேண்டும். கோயில் கோயிலாகக் கழற்றி மாட்டும் பயணத்தில் இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

கோயிலுக்குள் எப்படி என்றால், நேரம்தான் பாதுகாப்பு. சித்திரை, வைகாசியில் போகவேண்டாம், மார்கழி, தையில் போங்கள். அப்போதும் நடை திறந்ததும் காலையிலேயே தரிசனம் முடிந்துவிடவேண்டும். வெயில் ஏறிய பிறகு வெளிப்பிராகாரக் கல் கொதிக்கும், சாயங்காலம் 4 மணிக்கும் அந்தச் சூடு இறங்கியிருக்காது. நம் ஊர்ப் பகோடாவில் சாக்ஸும் போடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுக் கோயில்களில் வயதானவர்கள் துவைத்த சாக்ஸோடு போவதைப் பல இடங்களில் தடுப்பதில்லை. வாசலில் அப்பாவின் சர்க்கரையைச் சொல்லி அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கனமான சாக்ஸ் இரண்டு ஜோடி தனியாக இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள், கோயிலுக்குள் போட்டதை அப்படியே ஷூவுக்குள் போடக்கூடாது. வெறும் சாக்ஸ் ஈரத்தரையில் வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் நனைந்த தரையில் வெறுங்காலோடு நடந்து ஆடவேண்டும். ஊறிய தோல் சின்னக் கல் பட்டாலும் கிழியும். அப்பா ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க, நீங்கள் ஆடிவிட்டுத் தீர்த்தத்தை அவர் தலையில் தெளியுங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அதை அவர் வண்டியில் சுற்றட்டும். மனம் கேட்காது என்பது தெரியும், ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ராத்திரி அறைக்கு வந்ததும் பாதத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் நீங்கள் பாருங்கள். அவர் கண்ணுக்குத் தன் உள்ளங்கால் தெரியாது. வெந்நீரில் ஊறவைப்பது கூடவே கூடாது, நீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், கீறல், ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருப்பது, எது கண்ணில் பட்டாலும் மறுநாள் காலை கோயிலுக்கு முன்னால் ஆஸ்பத்திரி.

கொப்புளம் வந்துவிட்டால் உடைக்கலாமா? வராமல் தடுக்க வழி உண்டா?
— எஸ்.ஜே., பெகு

வலிக்கத் தொடங்குவதற்கு முன்னால் அந்த இடம் சுடும். அதுதான் சமிக்ஞை. ‘ஓட்டலுக்குப் போய்ப் பார்க்கலாம்’ என்று நடந்தால் செருப்புக்கடி நிச்சயம். அங்கேயே உட்கார்ந்து, துடைத்து, காகிதம்போன்ற மருத்துவ டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டினால் சாக்ஸில் சுருண்டு பிரியாது.

கொப்புளத்துக்குக் காரணம் உரசல் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில், தோல் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளேயுள்ள எலும்பு முன்னும் பின்னும் நகர்ந்து, நடுவிலுள்ள தோலின் அடுக்குகள் இழுபட்டுப் பிரிகின்றன. வேர்வையில் ஊறிய தோல் இன்னும் அதிகமாக ஒட்டும். அதனால்தான் பருத்தி சாக்ஸ் பயணத்துக்கு ஆகாது, அது வேர்வையைக் குடித்து ஈரத்தைக் காலோடு வைத்துக்கொள்ளும். நைலான், பாலியெஸ்டர் கலந்தது அல்லது மெல்லிய கம்பளி வாங்குங்கள். விரல் விரிந்தவர்களுக்கு ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள சாக்ஸ் நன்றாக உதவும். எப்போதும் கடிக்கிற இடம் தெரிந்தால் காலையிலேயே வாசலின் களிம்பு தடவுங்கள், ஆனால் டேப் ஒட்டப்போகிற இடத்தில் தடவாதீர்கள், ஒட்டாது.

சின்னக் கொப்புளத்தை உடைக்கவேண்டாம். நடக்கவே முடியாத அளவுக்குப் பெரிதானால், கை கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வெளியேற்றி, மேல்தோலை அப்படியே விட்டு மூடிக் கட்டுங்கள். மேல்தோலைப் பிய்த்தால் பயணம் அதோடு சரி. சர்க்கரை உள்ளவர்கள் தாங்களாகத் தொடவே கூடாது.

6 வயதுப் பையனுக்கு ரப்பர் கிளாக்ஸ்தான் பிடிக்கும். சிங்கப்பூருக்கு அதிலேயே கூட்டிப்போகலாமா?
— ஒரு தாய், சிரியம்

எஸ்கலேட்டரில் அது ஆபத்து. மெத்தென்ற ரப்பர் செருப்பின் ஓரம் படிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும், கூடவே விரலும். படியின் நடுவில், மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நிற்கவைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இறங்கும் இடத்தில் காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். நடப்பதற்கு வெல்க்ரோ ஷூவும், ஓட்டலுக்கும் நீச்சல் குளத்துக்கும் கிளாக்ஸும். வளரும் கால் என்று இரண்டு நம்பர் பெரிதாக வாங்கினால் தடுக்கி விழுவான். விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் போதும்.

மழையில் நனைந்த ஷூ ஒரே ராத்திரியில் காய வழி? நாற்றமும் போகவேண்டும்.
— டி.எம்., ரங்கூன்

உள்மெத்தையையும் லேஸையும் உருவித் தனியாக வையுங்கள். ஷூவுக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் எடுத்துப் புதுத்தாள் வையுங்கள். முதல் தாள்தான் அதிக நீரைக் குடிக்கும், அதை மாற்றாமல் விட்டால் பயனில்லை. இரண்டு மூன்று முறை மாற்றி, மின்விசிறிக்கு எதிரே சாய்த்து வைத்துத் தூங்குங்கள். முடி உலர்த்தும் கருவியின் சூட்டை நேராகக் காட்டினால் பசை விடும், தோல் வெடிக்கும். நாற்றம் ஈரத்தில் வளரும் கிருமியால் வருவது, வாசனைப் பவுடர் அதை மூடுமே தவிரப் போக்காது. இரண்டு ஜோடியை நாள் விட்டு நாள் மாற்றிப் போட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுநாள் காய நேரம் கிடைக்கும்.

படிக்கப் போன தங்கையைப் பார்க்க ஜப்பான் போகிறேன். அங்கே அடிக்கடி ஷூ கழற்றவேண்டும் என்கிறார்களே?
— கே.எல்., ரங்கூன்

ஆமாம். வீடு, கோயில் மண்டபம், பல சாப்பாட்டுக் கடைகள் என்று ஒரு நாளில் ஐந்தாறு தடவை ஆகும். குனிந்து லேஸ் கட்டுகிற ஷூவைத் தவிர்த்து, எலாஸ்டிக் லேஸ் மாட்டியதையோ, குதிகால் விறைப்பாக நின்று கால் தானாக நுழைகிற வகையையோ வாங்குங்கள். குதிகால் பகுதியை மிதித்து மிதித்துப் போட்டால் அது செத்துப்போய்ப் பிறகு பிடிப்பே இருக்காது. சாக்ஸில் ஓட்டை இருக்கக்கூடாது. அங்கேயே ஷூ வாங்குவதாக இருந்தால் கணக்கு எதுவும் வேண்டாம், ஜப்பான் நம்பர் என்பது உங்கள் பாதத்தின் நீளம்தான், 26 செ.மீ. பாதத்துக்கு 26.

விமானத்தில் கால் வீங்கிப் புது ஷூ திரும்ப நுழையவே மாட்டேன் என்கிறது. ஏன்?
— பி.ஆர்., மோல்மேன்

மணிக்கணக்கில் அசையாமல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதால் நீர் கீழே இறங்குகிறது. ஷூவைக் கழற்றாமல் லேஸை மட்டும் நன்றாகத் தளர்த்திக்கொள்ளுங்கள், கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள், மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். பெட்டியில் கனம் குறைய, இருக்கிற ஜோடிகளில் கனமானதைக் காலில் போட்டு, மற்றதற்குள் சாக்ஸைச் சுருட்டித் திணித்து வையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அது சாதாரண வீக்கம் அல்ல, இறங்கியதும் டாக்டரைப் பாருங்கள்.